மைக்கை விட்டு ஓரடி

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது நனைந்த புடவை, வானொலி நிலையத்து வாசலில் இறங்கும்போதும் நனைந்தேதான் இருந்தது. மலையாளத்து ஆடியான கர்க்கடக மாசத்து மழைக்கு இங்கிதம் கிடையாது. பாகீரதி உடனே உள்ளே போக மனசில்லாமல் வராந்தாவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. அதைவிடக் காது வலித்தது என்று சொன்னால்தான் சரி. காலையிலிருந்து அத்தனை பேர் அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள்.

முதலில் பெங்களூரிலிருந்து மகள் மாளவிகா. "அப்பாவைச் சேத்துக்கோம்மா. பாவமாக்கும். தனியா என்ன பண்ணுவார்?" அடுத்து எதிர்வீட்டு சாவித்ரி, கறிவேப்பிலை கேட்க வந்தவள், கறிவேப்பிலையை மறந்துவிட்டு அரைமணி நேரம் பேசினாள். "பழசெல்லாம் மனசுல வச்சுண்டு என்ன ஆகப்போறது, பாகீ? வயசாயாச்சு. ஒருத்தருக்கு ஒருத்தர் துணை வேண்டாமா?" பத்மநாபசுவாமி கோயில் நடையில் எதிர்ப்பட்ட யாரோ ஒரு மாமிகூட, பேர் நினைவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு, "கேள்விப்பட்டேன், நல்ல காரியம்" என்றாள். நடக்காத காரியத்துக்கு இப்போதே வாழ்த்து வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாகத் தனியாக இருக்கும் அவள் கணவர் நீலகண்டன் வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறார். சரியென்றோ வேண்டாமென்றோ இன்று அவர்கள் சேர்ந்து நடிக்கும் வானொலி நாடகம் முடிந்ததும் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் போன கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கிரகாரமே நம்பவில்லை. சண்டை இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் தெருவுக்கும் பேசிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வாரம், காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் சத்தமில்லாம இருக்கணும்" என்றார். பாகீரதி மிக்ஸியை நிறுத்தினாள். அவர் சொன்னது மிக்ஸியை அல்ல என்பது சாயங்காலம் அவர் பெட்டியோடு வாசலில் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. சத்தமில்லாத இடம் தேடிப் போன மனுஷர், சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி அறை எடுத்தார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கீழே அண்டாவும் குண்டானும் உருளும். அந்தச் சத்தமெல்லாம் அவருக்குச் சம்மதம், பெண்டாட்டி பேச்சு மட்டும் ஆகவில்லை என்று பாகீரதி எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனாலும் வானொலியில் அவர்கள் பிரியவே இல்லை. திருவனந்தபுரத்தில் தமிழ் நாடகத்துக்குக் குரல் தேர்வில் தேறினவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். கணவன் வேஷமா, நீலகண்டன். மனைவி வேஷமா, பாகீரதி. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை நிலையத்திலிருந்து போன் வரும். அவள் கிழக்கேகோட்டையிலிருந்தும் அவர் சாலையிலிருந்தும் தனித்தனி பஸ்ஸில் வந்து, ஒரே மைக்கின் முன்னால் தோளோடு தோள் நின்று அரைமணி நேரம் குடித்தனம் நடத்திவிட்டு, தனித்தனி பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். கேட்கிறவர்களுக்கு அவள் எப்போதும் முப்பது வயதைத் தாண்டாதவள். முழங்கால் வலி ரேடியோவில் கேட்பதில்லை.

போன மாசம் ஒத்திகை முடிந்து போகும்போது நீலகண்டன் வராந்தாவில் அவளை நிறுத்தினார். பாத்திரக்கடைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றார். "கர்க்கடகத்துல வீடு மாறப்படாது. அது முடிஞ்சு சிங்ஙம் ஒண்ணாந்தேதி நான் ஆத்துக்கே வந்துடலாம்னு பாக்கறேன்." தீர்மானம் போலச் சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு விரோதமில்லேன்னா" என்று சேர்த்துக்கொண்டார்.

"நாடகம் முடியட்டும். சொல்றேன்" என்றாள் பாகீரதி.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். யோசித்து யோசித்து அலுத்துப்போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்டால் இத்தனை பேர் வாயும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். அந்த நிம்மதிக்காகவே சொல்லிவிடலாம் போலிருந்தது.

"மாமி, இங்க ஏன் இருக்கிய? உள்ள வாங்க, ஹரிகுமார் சாரு தேடுதாரு." செல்வகணேஷ் கதவைத் திறந்துகொண்டு நின்றான். சாலையில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்க்கிறவன், அம்பாசமுத்திரத்துக்காரன். நாடகம் என்றால் கடையில் லீவு சொல்லிவிட்டு ஒலிகள் கொடுக்க வந்துவிடுவான். கையில் முறமும் ஒரு பொட்டலம் கடுகும் வைத்திருந்தான். கடுகை முறத்தில் போட்டு மெல்ல உருட்டினால் மைக்கில் மழை பெய்யும்.

"வெளிய இவ்வளவு மழை கொட்டறது. ஜன்னலைத் திறந்து வச்சா போறாதோ?"

"அது நெச மழைல்லா மாமி. மைக்குல கேட்டா யாரோ அப்பளம் பொரிக்க மாதிரி இருக்கும்." அவன் சிரித்தான். பாகீரதிக்கும் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க வந்த ஒரே சிரிப்பு அது.

நாடகத்தை எழுதி நடத்துகிறவர் ஹரிகுமார், நிலையத்தின் நிகழ்ச்சி அதிகாரி. மலையாளி, ஆனால் தமிழ் நாடகத்தின் மேல் அவருக்கு ஒரு கிறுக்கு. நிலையத்தின் ஆண்டுவிழாவுக்காக, நேரடி ஒலிபரப்பின் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுதியிருந்தார். ஒலிநாடா வராத காலம். எதையும் பதிந்து வைக்க முடியாது, வெட்டி ஒட்ட முடியாது. வாயிலிருந்து வந்தது வந்ததுதான், அந்த நிமிஷமே ஊர் முழுக்கப் போய்விடும். அந்தக் காலத்தில் ஒரு மழை நாள் சாயங்காலம் வீணை வித்வான் வந்து சேரவில்லை. அறிவிப்பாளர் ஒருவர் மட்டும் ஸ்டுடியோவில். சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். வித்வான் வரும்வரை அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நிலையம் செத்துவிட்டது என்று கேட்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். இதுதான் கதை.

எழுதினதோடு ஹரிகுமார் நிற்கவில்லை. அந்தக் காலத்தைப் பற்றிய நாடகத்தை அந்தக் காலத்து முறையிலேயே நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரே மைக். ரீடேக் கிடையாது. நேரடி ஒலிபரப்பு.

கைப்பிரதியைப் படித்தபோது பாகீரதிக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. அறிவிப்பாளருக்கு நாலு பக்கம் தொடர்ந்து பேச்சு. மனைவிக்கு அங்கங்கே ஒரு "ம்", கடைசியில் ஒரு "வந்துட்டார்!" அவ்வளவுதான். குடும்பம் தெரிந்து எழுதியிருந்தால் ஹரிகுமார் இதைத் தலைகீழாக எழுதியிருப்பார்.

ஏனென்றால் இத்தனை வருஷ நாடகங்களில் நீலகண்டனுக்கு வசனம் தப்பாத நாளே கிடையாது. நல்ல குரல், கம்பீரமான குரல், ஆனால் நடுவில் நின்றுவிடும். அவர் நின்ற இடத்தில் பாகீரதி நுழைவாள். "என்ன யோசிக்கறேள்? காப்பி ஆறிப்போறது" என்று கதையில் இல்லாத ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள். அதற்குள் அவர் கைப்பிரதியில் விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பதிவுதானே, நிறுத்தி மறுபடி எடுக்கலாம் என்றாலும், அவள் போட்ட வார்த்தைகள் கைப்பிரதியைவிட நன்றாக இருக்கும் என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். "பாகீரதி மாமி உண்டல்லோ, பின்னெ எந்தா பேடி" என்று, அவள் இருக்கும்போது பயமென்ன என்ற அர்த்தத்தில், சொல்வது நிலையத்தில் ஒரு வழக்காகவே ஆகிப்போனது. வீட்டிலும் அதேதான். வந்த விருந்தாளியிடம் பேசுவது அவள், மகளின் பள்ளிக்கூடத்தில் பேசுவது அவள், அவருடைய அக்காவிடம் அவருக்காக மன்னிப்புக் கேட்பதும் அவள்தான். அவர் பக்கத்தில் நிற்பார்.

ஒரு சமயம் அவருக்குக் காது மந்தமோ என்று சந்தேகம் வந்து டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போயிருந்தாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சின்னப் பையனுடைய காது என்றார். அப்போது கவனம்தான் இல்லை, மனசு எங்கேயோ இருக்கிற மனுஷர், கூப்பிட்டால் விழாது, சொன்னால் ஏறாது என்று முடிவு செய்துகொண்டாள். அப்படி முடிவு செய்தது அவளுக்கு ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது. கேட்காதவர்மேல் கோபப்பட முடியாதே.

உள்ளே ஸ்டுடியோவில் நீலகண்டன் கைப்பிரதியின் பின்னைக் கழற்றிக்கொண்டிருந்தார். வானொலியில் காகிதம் சரசரக்கக் கூடாது. அதனால் பக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, படித்து முடித்த பக்கத்தைச் சத்தமில்லாமல் கம்பளத்தின் மேல் நழுவ விடுவார்கள். அவருடைய பக்கங்களைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பது எப்போதும் பாகீரதியின் வேலை. பிரிந்துபோன பிறகும் ஆறு வருஷம் செய்திருக்கிறாள். இன்று கை நீளவில்லை. அலுப்பு, வேறொன்றும் இல்லை. அவர் ஒருமுறை இவள் பக்கம் பார்த்துவிட்டுத் தாமே அடுக்கிக்கொண்டார். பை நனைந்திருந்ததில் காகிதங்கள் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"சாமி, மாமி, ரெடியல்லே?" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹரிகுமாரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "டென்ஷன் ஒண்ணும் வேண்டாம். லைவாணு. தெற்றியா தெற்றட்டே."

தவறினால் தவறட்டும் என்று அவர் சொன்னாலும் அவர் முகத்தில் வேர்த்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் காட்சிகள் நன்றாகவே போயின. செல்வகணேஷ் கடுகை உருட்டினான், மழை பிடித்துக்கொண்டது. தகர டிபன் கேரியரைத் திறந்து மூடினான். பாகீரதி மைக்கிலிருந்து நாலடி தள்ளி நின்று பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே கிட்டே வந்தாள். கேட்கிறவர்களுக்கு அவள் மழையில் நனைந்து ஸ்டுடியோவுக்குள் நுழைகிறாள். வந்து நீலகண்டனின் தோளருகே நின்றாள். அவருடைய சட்டைக் காலர் நைந்திருந்தது. பின்கழுத்தில் எலும்பு தெரிந்தது. இளைத்துத்தான் போயிருக்கிறார். மெஸ் சாப்பாடு. ராத்திரி ஜுரம் வந்தால் ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை.

அந்தக் கழுத்தைப் பார்த்ததும் பாகீரதியின் மனசு இளகிவிட்டது. வரட்டும், வேறென்ன செய்வது என்று நினைத்தாள். கவனமில்லாத மனுஷர், வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. ஒரு மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டும். முடிவு வந்ததும் உடம்பு லேசானது. நாடகம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அறிவிப்பாளரின் நீளப் பேச்சு ஆரம்பித்தது. முதல் பக்கம் முடிந்தது. நீலகண்டன் அதை நழுவ விட்டார். அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்த அடுத்த பக்கமும் அதற்கடுத்ததும் போயின. மூன்றும் அலுங்காமல் கம்பளத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. கையில் மிஞ்சியது கடைசிப் பக்கம். அதில் வித்வான் ஏற்கெனவே வந்து வீணையைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

நீலகண்டன் காகிதத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். குனிந்து எடுத்தால் மூட்டு நெட்டி முறிகிற சத்தம் மைக்கில் கேட்கும், எடுத்தாலும் எது எதென்று தேட வேண்டும். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரிகுமார் எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவர் நீலகண்டனைப் பார்க்கவில்லை, பாகீரதியைத்தான் பார்த்தார். செல்வகணேஷும் அவளைத்தான் பார்த்தான்.

அவள் யோசிக்கவே இல்லை, பழக்கம் யோசிக்க விடவில்லை. "என்ன, நிறுத்திட்டேள்?" என்றாள், அறிவிப்பாளரின் மனைவியாக. "மழையைப் பாத்துண்டு நின்னா ஆச்சா? ஜனங்கள் கேட்டுண்டிருக்கா. இந்த ஊர் மழையைப் பத்தியாவது நாலு வார்த்தை சொல்லுங்கோ." சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் பதற்றம் போய்விட்டிருந்தது. அப்பாடா என்று ஒரு நிம்மதி. இடத்தைத் தேடவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை. மெல்ல மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். தங்கள் பங்கு முடிந்த நடிகர்கள் அப்படித்தான் நகர்வார்கள், மற்றவருக்கு இடம் விட்டு. இனி இவள் பாடு.

விருந்தாளி வந்தபோது அவர் இப்படித்தான் நின்றார். அக்கா வீட்டில் இப்படித்தான் நின்றார். பாகீரதிக்கு அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதை எடுத்து வைக்கத் தெம்பு இல்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தின் களைப்பு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. போதும் என்று தோன்றியது. அவளும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

மைக் நடுவில் தனியாக நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹரிகுமார் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் ஆட்டினார். வானொலிக்காரர்களுக்கு மைக்கில் பேச்சு நிற்பதைவிடப் பெரிய பயம் கிடையாது. செல்வகணேஷ் மட்டும் சமயோசிதமாக முறத்தை மைக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கடுகைப் பலமாக உருட்டினான். மழை வலுத்தது. பெங்களூரில் போன் வழியாக மாளவிகாவும் எதிர்வீட்டில் சாவித்ரியும் அந்த நேரத்தில் கடுகு மழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீலகண்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மைக்கைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் முன்னால் வந்தார்.

"நேயர்களே," என்றார். தொண்டையைச் செருமினார். "வித்வான் இன்னும் வந்து சேரவில்லை. வருவார். மழை விடவேண்டுமே." நிறுத்தினார். பிறகு குரல் இறங்கி வீட்டுக்குரலாக மாறியது. "அதுவரைக்கும் நான் எதையாவது பேசணும். எனக்குப் பேசிப் பழக்கமில்லே. எங்காத்துல பேசறது அவதான். காலம்பற பாலுகிட்டே ஆரம்பிப்பா, பொங்காதேன்னு. அப்பறம் அடுப்புகிட்டே. வாசல்ல ஒரு பூனை வரும், அதுகிட்டே அதோட மாமியார் ஆத்து சமாசாரமெல்லாம் விசாரிப்பா."

கண்ணாடிக்குப் பின்னால் ஹரிகுமார் சிரித்தது தெரிந்தது. பாகீரதிக்கு ஆச்சரியமாக இருந்தது. பூனை விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? அவள் வாசலில் பேசும்போது அவர் கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் அல்லவா இருப்பார்?

"சாப்பிட வாங்கோன்னு மூணு தரம் கூப்பிடுவா. முதல் தரம் சாதாரணமா. ரெண்டாம் தரம் கொஞ்சம் உரக்க. மூணாம் தரம் அதுல ஒரு கோபம் வரும் பாருங்கோ, அது கேக்கறதுக்கு ஒரு சுகம். எனக்கு முதல் தரமே காதுல விழுந்துடும். மூணாவதுக்காக உக்காந்திண்டிருப்பேன்."

செல்வகணேஷ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கடுகை மெல்ல உருட்டினான். மழை தணிந்து இதமாகியது. நீலகண்டனுக்குச் சூடு பிடித்துவிட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ நினைச்சிண்டிருக்கா, நான் ஒண்ணும் கேக்கறதில்லேன்னு. எல்லாம் கேட்டிருக்கேன். அவ அம்மா போன சமயம், காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நான் பேப்பர் பாத்துண்டிருக்கேன். அவ துணி மடிச்சிண்டே சொன்னா, இனிமே என்னை ஏண்டின்னு கூப்பிட ஒருத்தரும் இல்லேன்னு."

பாகீரதி மைக்கிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"கேட்டுது. நன்னாக் கேட்டுது. ஏதாவது சொல்லணும்னுகூடத் தோணித்து." அவர் குரல் கனிந்திருந்தது. கேட்கிறவர் யாருக்கும் கண் கலங்கும். "சரி, அவளே மேலே பேசிடுவாள்னு விட்டுட்டேன். பேசிட்டா."

அன்று அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்தச் சத்தம் பாகீரதிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விழவில்லை போல, கவனமில்லாத மனுஷர், என்று அவள் அன்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததால்தான் மறுநாள் விடிகாலையில் எழுந்து அவருக்குக் காப்பி போட முடிந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ சாயங்காலங்களை அந்த நினைப்பை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறாள். கேட்கவில்லை என்றால் மன்னிக்கலாம். அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றாக, முதல் தரமே கேட்டிருக்கிறார்.

வித்வான் வந்துவிட்டதாகச் செல்வகணேஷ் மரப்பலகையில் கதவு தட்டினான். நாடகம் நிற்கவில்லை. அவளுடைய கடைசி வசனத்துக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். பாகீரதி மைக்குக்கு வந்து, முப்பது வயதுக் குரலில், சந்தோஷம் குறையாமல், "வந்துட்டார்!" என்றாள். மூலையில் உட்கார்ந்திருந்த வீணைக்காரப் பெண் தந்தியை மீட்டினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஹரிகுமார் ஓடிவந்து நீலகண்டனைக் கட்டிக்கொண்டார். "சாமீ! அடிபொளி! அது ஸ்கிரிப்டில் இல்லாத்ததல்லே? ஞான் கரஞ்ஞு போயி!" அழுதுவிட்டதாகச் சொன்னவரின் கண் நிஜமாகவே சிவந்திருந்தது. செல்வகணேஷ் சிதறின கடுகைப் பொறுக்கிக்கொண்டே, "இத்தன நாளும் இத எங்க ஒளிச்சு வச்சிருந்திய சாமி?" என்றான். நீலகண்டன் கூச்சத்தோடு சிரித்தார். பாகீரதி இதற்கு முன்னால் பார்த்திராத சிரிப்பு. அந்த நிமிஷத்தில் பார்க்க நன்றாகவே இருந்தார்.

அவள் வராந்தாவுக்கு வந்தாள். போன் அடித்தது. மாளவிகா அழுதுகொண்டே பேசினாள். "அம்மா, அப்பா எல்லாத்தையும் கேட்டிருக்கார்ம்மா! பாட்டி போனப்போ நீ சொன்னதுகூட! எத்தனை பிரியம் பாத்தியா? நீ வெறுதே அவரைக் குத்தம் சொன்னே."

"ஆமாம்," என்றாள் பாகீரதி. "எல்லாம் கேட்டிருக்கார்."

"அப்போ சரின்னு சொல்லிடு, என்ன?"

"வச்சுடறேன்டா. அப்பா வரார்."

நீலகண்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவரிடம் ஒரு பரபரப்பு இருந்தது, பரீட்சையில் தேறினவருடைய பரபரப்பு. "எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நன்னா இருந்தது."

"நீ பின்னால போயிட்டியே, ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லே. அப்பறம் தானா வந்துது பாரு." சிரித்தார். "ஹரிகுமார் அடுத்த நாடகத்தையும் இப்படியே பண்ணலாம்ங்கறார். அது கெடக்கட்டும். ஒண்ணாந்தேதிக்கு ஒரு குட்டி டெம்போ சொல்லிடட்டுமா? சாமான் அதிகம் கிடையாது."

"வேண்டாம்."

"ஆட்டோவே போறும்ங்கறியா?"

"நீங்கோ வரவேண்டாம்."

மழையில் சரியாக விழவில்லை என்பதுபோல அவர் குனிந்து காதைக் கொடுத்தார். பாகீரதி மறுபடி சொல்லவில்லை. விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து அவரே நிமிர்ந்தார். முகம் வாடிவிட்டிருந்தது.

"ஏன்? அதான் இன்னிக்கு மனசுல இருந்ததை எல்லாம் சொல்லியாச்சே. ஊரே கேட்டுதே."

"சொன்னேள். அதுக்கு முன்னால வரை, வரச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. புரியாதபோது எப்போதும் செய்வதைத்தான் இப்போதும் செய்தார், அவள் மேலே பேசுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு காரணம், ஒரு சமாதானம், ஒரு திட்டு, ஏதாவது ஒன்று வரும் என்று அவள் வாயையே பார்த்தார். பாகீரதிக்கு அழுகை வந்தது. அவர்மேல் இன்னும் பாவமாகத்தான் இருந்தது, அந்த நைந்த காலரைப் பார்த்தால் இப்போதும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், மழை விடுவதற்கும் காத்திராமல், படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.